போன் கொடுத்ததால் வந்ததல்ல

“ரெண்டு வயசாகியும் பிள்ளைக்குப் பேச்சு வரலையா? கூப்பிட்டா திரும்பிப் பார்க்கலையா? முதல்ல போனைப் பிடுங்குங்க. இது விர்ச்சுவல் ஆட்டிசம்.” கைக்குழந்தை இருக்கும் வீட்டில் இந்தப் பேச்சு காதில் விழாமல் இருக்க இன்று வழியில்லை. ரீல்ஸில் வெள்ளைக் கோட்டு போட்டவர் சொல்கிறார். தெரபி மையத்தின் விளம்பரப் பலகை சொல்கிறது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பெரியப்பா ஃபார்வர்டு செய்கிறார். பத்திரிகை இணைப்பிதழ் அதையே கொஞ்சம் நாகரிகமாக எழுதுகிறது. எல்லாம் சேர்ந்து ஒரு முடிவாக உறைந்துவிட்டது: ஆட்டிசம் பெருகக் காரணம் கைபேசி, அதைக் கொடுத்தவள் தாய், நிறுத்திவிட்டால் பிள்ளை சரியாகிவிடும்.

இந்த மூன்றையும் நான் மறுக்கிறேன். ஏதோ ஒரு தகவல் பிழை என்றால் போகட்டும் என்று விட்டுவிடலாம். இந்தப் பிழைக்கு நாள்தோறும் விலை கொடுப்பவர்கள் குழந்தைகளும் அவர்களைப் பெற்றவர்களும். அதனால் விரிவாகவே பேச வேண்டியிருக்கிறது.

முதலில் அந்தப் பெயர். மாரியஸ் சம்ஃபிர் என்ற ருமேனிய உளவியலாளர் 2018இல் ஒரு கட்டுரை எழுதினார். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் நாளொன்றுக்கு 4 மணி நேரத்துக்கு மேல் திரை பார்த்தால் ஆட்டிசத்தைப் போன்ற அறிகுறிகள் வருகின்றன என்பது அதன் சாரம். அது வெளிவந்தது மருத்துவ இதழில் இல்லை, ருமேனிய இலக்கிய ஆய்வுகளுக்கான ஓர் இதழில். மனநல மருத்துவர்கள் கையாளும் டிஎஸ்எம்-5 கையேட்டிலும் உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 பட்டியலிலும் ‘விர்ச்சுவல் ஆட்டிசம்’ என்று ஒரு நோய் கிடையாது. நம் ஊர் விளம்பரப் பலகைகளில் மட்டும் அது கொட்டை எழுத்தில் இருக்கிறது.

ஆட்டிசம் என்று மருத்துவ உலகம் முதன்முதலில் அடையாளம் கண்ட குழந்தைகளைப் பற்றி லியோ கேனர் 1943இல் எழுதினார். மொத்தம் 11 குழந்தைகள். அவர்களில் முதலாவதாக வருபவர் டொனால்ட் டிரிப்லெட், 1933இல் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் ஃபாரஸ்ட் என்ற சிற்றூரில் பிறந்தவர். மகனைப் பற்றி அவருடைய தந்தை கேனருக்கு 33 பக்கக் கடிதம் எழுதினார். பொருட்களைச் சுழலவிட்டு அதிலேயே லயித்திருப்பது, ஆட்கள் வந்தாலும் போனாலும் பொருட்படுத்தாமல் தனக்குள் இருப்பது, கேட்ட சொற்களை அப்படியே திருப்பிச் சொல்வது எல்லாம் அதில் வருகின்றன. இன்று ஒரு தாய் மருத்துவரிடம் சொல்லும் அதே விவரங்கள். அந்த வீட்டில் தொலைக்காட்சிகூட இல்லை, இருந்திருக்கவும் முடியாது. அமெரிக்காவில் தொலைக்காட்சி ஒளிபரப்பு முறையாகத் தொடங்கியதே 1939இல்தான்.

“அந்தக் காலத்துல ஒண்ணு ரெண்டு இருந்திருக்கும். இப்ப ஏன் இவ்வளவு?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 8 வயதுக் குழந்தைகளை வைத்து இந்தக் கணக்கை எடுத்துவருகிறது. 2000ஆம் ஆண்டில் 150 பேருக்கு ஒருவர், 2008இல் 88 பேருக்கு ஒருவர், 2022இல் 31 பேருக்கு ஒருவர். கடைசி எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு “பார்த்தீர்களா, ஸ்மார்ட்போன் வந்தது, ஆட்டிசமும் ஏறியது” என்கிறார்கள். முதல் இரண்டு எண்களையும் பார்க்கட்டும். 2008இல் 8 வயது என்றால் அந்தக் குழந்தைகள் பிறந்தது 2000இல். முதல் ஐபோன் கடைக்கு வந்தது 2007இல், ஐபேட் 2010இல். இந்தக் குழந்தைகளின் மழலைப் பருவத்தில் இன்றைய மாதிரித் தொடுதிரைக் கைபேசியே வீடுகளில் கிடையாது. அதற்குள்ளாகவே எண்ணிக்கை ஏறத்தாழ ஒன்றே முக்கால் மடங்கு ஆகிவிட்டது. இத்தனை ஆண்டுகளில் மாறிவந்தது கணக்கெடுக்கும் முறையும் நோயின் வரையறையும். 1980க்கு முன் டிஎஸ்எம் கையேட்டில் ஆட்டிசம் தனி நோயாகவே இல்லை. 1994இல் ஆஸ்பெர்கர் வகையும் சேர்ந்தது. 2013இல் எல்லாம் ஒரே நிறமாலையாக இணைக்கப்பட்டன. முன்பு ‘மந்தம்’, ‘கூச்ச சுபாவம்’, ‘ஒரு மாதிரி’ என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகளை இன்று ஆசிரியர்களும் மருத்துவர்களும் அடையாளம் காண்கிறார்கள். நம் ஊரில் ஒவ்வொரு தெருவிலும் அப்படி ஒரு சித்தப்பாவோ அத்தையோ இருந்திருக்கிறார்கள். அவர்களுக்கு மருத்துவச் சீட்டு கிடையாது, பட்டப்பெயர் மட்டும் உண்டு.

ஆட்டிசம் எப்போது தொடங்குகிறது என்பதைப் பார்த்தால் கைபேசி வாதம் இன்னும் சரிகிறது. 1994இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஜூலி ஆஸ்டர்லிங், ஜெரால்டின் டாசன் இருவரும் பெற்றோரிடம் கேட்டு வாங்கியது முதல் பிறந்தநாள் வீடியோக்களை. 11 வீடியோக்களில் இருந்தவை பின்னாளில் ஆட்டிசம் உறுதியான குழந்தைகள், 11 வீடியோக்களில் மற்றக் குழந்தைகள். கேக், பலூன், சுற்றி நின்று பாடும் சொந்தபந்தம். ஆய்வாளர்கள் கவனித்தவை சின்னச் சின்ன விஷயங்கள்: குழந்தை மற்றவர் முகத்தைப் பார்க்கிறதா, கையிலிருப்பதை நீட்டிக் காட்டுகிறதா, விரலால் சுட்டுகிறதா, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறதா. இந்த நான்கை மட்டும் வைத்துக்கொண்டு 22 குழந்தைகளில் 20 பேரைச் சரியாகப் பிரிக்க முடிந்தது. பெற்றோருக்குச் சந்தேகம் தட்டுவதற்கு வெகுகாலம் முன்பே, ஒரு வயதிலேயே அறிகுறி இருந்திருக்கிறது. 2013இல் அட்லாண்டாவைச் சேர்ந்த வாரன் ஜோன்ஸும் அமி கிளினும் இன்னும் பின்னால் போனார்கள். பின்னர் ஆட்டிசம் கண்டறியப்பட்ட குழந்தைகளிடம், மற்றவர் கண்களைப் பார்க்கும் நேரம் 2 மாதத்துக்கும் 6 மாதத்துக்கும் இடையிலேயே குறையத் தொடங்கியிருந்தது. இரண்டு மாதக் குழந்தைக்கு எந்தத் தாய் யூடியூப் போட்டுக் கொடுத்தாள்?

மரபணுவின் பங்கு இதைவிட உறுதியானது. 1977இல் சூசன் ஃபோல்ஸ்டைனும் மைக்கேல் ரட்டரும் பிரிட்டனில் 21 இரட்டையர் இணைகளை ஆராய்ந்தார்கள். ஒரே கருவிலிருந்து பிரிந்த 11 இணைகளில் 4 இணைகளில் இருவருக்குமே ஆட்டிசம். தனித்தனிக் கருவாக உருவான 10 இணைகளில் அப்படி ஒன்றுகூட இல்லை. வளர்ப்புதான் காரணம் என்றால், ஒரே தாய் ஒரே நாளில் பெற்று ஒரே வீட்டில் வளர்த்த பிள்ளைகளிடையே இந்த வித்தியாசம் வந்திருக்காது. சிறிய ஆய்வுதான், ஆனால் பிறகு வந்த பெரிய ஆய்வுகள் அதே பக்கம்தான் நிற்கின்றன. டென்மார்க், பின்லாந்து, ஸ்வீடன், இஸ்ரேல், மேற்கு ஆஸ்திரேலியா ஆகிய இடங்களைச் சேர்ந்த 20 லட்சம் பேரின் பதிவேடுகளைக் கொண்டு 2019இல் வெளியான ஆய்வு, யாருக்கு ஆட்டிசம் வருகிறது என்பதில் உள்ள வேறுபாட்டில் சுமார் 80 சதவீதம் மரபணு சார்ந்தது என்று மதிப்பிட்டது.

“எல்லாம் சரி, ஆட்டிசம் இருக்கும் பிள்ளைகள் எல்லாம் போனும் கையுமாகத்தானே இருக்கிறார்கள்?” உண்மை. இங்கேதான் காரணமும் விளைவும் இடம் மாறிக்கொள்கின்றன. தெரபி மையத்தின் காத்திருப்பு அறையில் அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். மூன்று வயதுப் பையன் ஒருவன் அம்மாவின் கைபேசியை முகத்துக்கு நேராகப் பிடித்திருப்பான். பாட்டு ஓடும். அவன் பாட்டையும் பார்க்கவில்லை, பொம்மைகளையும் பார்க்கவில்லை. படத்துக்குக் கீழே நகரும் சிவப்புக் கோட்டைப் பார்க்கிறான். கோடு கடைசிக்கு வந்ததும் விரலால் தள்ளி முதலுக்குக் கொண்டுபோகிறான். மறுபடி பார்க்கிறான். கைபேசியை வாங்கிவிட்டால் மேலே ஓடும் மின்விசிறியைப் பார்ப்பான், கதவைத் திறந்து திறந்து மூடுவான். டொனால்ட் பாத்திரங்களைச் சுழலவிட்டதும் இதே ஈர்ப்பினால்தான். சான் டியாகோவில் கேரன் பியர்ஸ் குழுவினர் 2011இல் வெளியிட்ட ஆய்வில், குழந்தைகள் முன்னால் ஒரு பக்கம் ஆடிப்பாடும் பிள்ளைகளின் காட்சியும் மறுபக்கம் நகரும் வடிவக்கோலங்களும் காட்டப்பட்டன. ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் சுமார் 40 சதவீதம் பேர் பாதிக்கு மேற்பட்ட நேரம் கோலங்களையே பார்த்தார்கள். இயல்பாக வளரும் குழந்தைகளில் அப்படிப் பார்த்தவர்கள் 2 சதவீதம்கூட இல்லை. திரையை நோக்கிப் போகும் பிள்ளையைப் பார்த்துத் திரை இப்படி ஆக்கிவிட்டது என்கிறோம்.

எதிர்த்தரப்பு மேற்கோள் காட்டும் ஆய்வு ஒன்று உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. ஜப்பானில் 84,030 தாய்-சேய் இணைகளைக் கொண்டு 2022இல் வெளியானது. ஒரு வயதில் அதிகம் திரை பார்த்த ஆண் குழந்தைகளிடம் மூன்று வயதில் ஆட்டிசம் கூடுதலாகக் காணப்பட்டது. பெண் குழந்தைகளிடம் அந்தத் தொடர்பு தெரியவில்லை. “ஜப்பானே நிரூபித்துவிட்டது” என்று இதைத் தமிழில் சுற்றவிட்டார்கள். தொடர்பு இருப்பதைச் சொல்லும் ஆய்வு அது, காரணத்தை நிரூபித்த ஆய்வு ஆகாது. ஒரு வயதிலேயே ஆட்டிசத்தின் அறிகுறி இருக்கிறது என்பதைப் பிறந்தநாள் வீடியோக்கள் காட்டிவிட்ட பிறகு, அந்த வயதில் திரையை அதிகம் நாடிய குழந்தைகள் யாராக இருந்திருப்பார்கள் என்று யோசிக்க வேண்டாமா? மறு ஆண்டே 46 ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தார்கள். பரபரப்பான முடிவு கிடைத்தால் மட்டும் ஆய்வுகள் அச்சேறுகின்றன என்ற சாய்வைக் கணக்கில் கொண்டு திருத்தியபோது, திரைக்கும் ஆட்டிசத்துக்குமான தொடர்பு புள்ளியியல் முறையில் நிற்கவில்லை. இந்தத் தொகுப்பாய்வை மட்டும் யாரும் ஃபார்வர்டு செய்யவில்லை.

இனி ரீல்ஸில் சுற்றும் ‘முன்-பின்’ வீடியோக்கள். முதலில் பேசாத குழந்தை, 90 நாள் போனை நிறுத்திய பின் பேசும் குழந்தை. பொய் என்று நான் சொல்லமாட்டேன். அந்தக் குழந்தைக்கு இருந்தது ஆட்டிசமா என்பதே கேள்வி. கைபேசி குழந்தைக்குச் செய்யும் கெடுதல் ஒன்று உண்டு, அது நன்றாகவே ஆராயப்பட்டிருக்கிறது: வீட்டுப் பேச்சை அது தின்றுவிடுகிறது. ஆஸ்திரேலியாவில் 220 குடும்பங்களில் குழந்தையின் சட்டையிலேயே ஒலிப்பதிவுக் கருவியை மாட்டிக் கேட்டார்கள். மூன்று வயதில், திரை ஓடும் ஒவ்வொரு கூடுதல் நிமிடத்துக்கும் பெரியவர்கள் பேசும் சொற்களில் 6.6 குறைந்தன, குழந்தை எழுப்பும் ஒலிகளில் 4.9 குறைந்தன. திரை அந்த இழப்பை ஈடுகட்டுவதும் இல்லை. பேட்ரீஷியா கூல் 2003இல் வெளியிட்ட சோதனையில், அமெரிக்காவின் 9 மாதக் குழந்தைகளோடு ஒருவர் நேரில் சீன மொழி பேசி விளையாடியபோது அந்த மொழியின் ஒலிகளைப் பிரித்தறிய அவை கற்றுக்கொண்டன. அதே ஆள், அதே பேச்சு, தொலைக்காட்சி வழியாக என்றபோது எதையும் கற்கவில்லை.

ஆகவே மணிக்கணக்கில் பாட்டு ஓடும் வீட்டில், கொஞ்சிப் பேச ஆளில்லாத குழந்தைக்குப் பேச்சு தாமதமாகலாம். திரையை அணைத்து, ஆட்கள் உட்கார்ந்து பேச ஆரம்பித்தால் பேச்சு வரும். இரண்டு வயதுக்குள் திரை வேண்டாம், இரண்டிலிருந்து நான்கு வயது வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் போக வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னதை நானும் ஏற்கிறேன். ஆனால் பேச்சுத் தாமதத்துக்கு ஆட்டிசம் என்று பெயர் வைத்து, அது சரியானதும் “ஆட்டிசத்தைக் குணப்படுத்தினேன்” என்று விளம்பரம் செய்வது மோசடி. அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு, உண்மையிலேயே ஆட்டிசம் உள்ள பிள்ளையின் பெற்றோர் 90 நாள் காத்திருக்கிறார்கள். ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் 90 நாள். “நீங்க முழுசா நிறுத்தலை, அதான்” என்று பதில் வருகிறது. தோற்றது வைத்தியம், பழி வீட்டுக்கு.

வீட்டுக்கு என்றால் தாய்க்கு. காத்திருப்பு அறையில் தாய்மார்கள் தணிந்த குரலில் சொல்லிக்கொள்வது அநேகமாக ஒரே வாக்கியம்தான்: “நான்தாங்க சோறு ஊட்டும்போது போன் குடுத்துப் பழக்கிட்டேன்.” மாமியார் சொன்னதை, கணவர் சொன்னதை, யாரோ ஒரு டாக்டர் சொன்னதைத் தானே நம்பிவிட்டவளின் ஒப்புதல் வாக்குமூலம் அது. ஏன் கொடுத்தாள் என்று எவரும் கேட்பதில்லை. வாடகை வீட்டின் மூன்றாம் மாடியில் தனியாகக் குழந்தையோடு இருப்பவள், குக்கர் விசில் அடிக்கும் நேரத்தில், எந்த உணவையும் நாக்கில் வைக்க மறுக்கும் பிள்ளையை ஒரு வாய் சாப்பிடவைக்க வேறு வழி தெரியாமல் கொடுத்தாள். சாப்பாட்டின் மணத்துக்கும் கெட்டித்தன்மைக்கும் அப்படி மிரளுவது ஆட்டிசம் உள்ள பல பிள்ளைகளின் இயல்பு என்று அவளுக்குச் சொல்லித்தர வேண்டியவர்கள், அதற்குப் பதிலாகக் குற்றப்பத்திரிகை வாசித்தார்கள்.

இந்தக் குற்றப்பத்திரிகை ஏற்கெனவே ஒருமுறை வாசிக்கப்பட்டது. சிகாகோவில் சிறப்புப் பள்ளி நடத்திய புரூனோ பெட்டல்ஹைம் 1967இல் எழுதிய நூலில், தாயின் அன்பற்ற குளிர்ச்சிதான் பிள்ளையைத் தனக்குள் முடங்கவைக்கிறது என்று வாதிட்டார். ‘குளிர்பதனப் பெட்டித் தாய்மார்’ என்ற பழி அந்தக் காலத்து அமெரிக்கப் பெண்களின் நெற்றியில் ஒட்டப்பட்டது. நாஜிகளின் வதைமுகாம்களில் இருந்து மீண்டவர் பெட்டல்ஹைம். அந்த முகாம்களோடு இந்த வீடுகளை ஒப்பிடவும் அவர் தயங்கவில்லை. பிள்ளையைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வைப்பதே மருந்து என்றார். அவருடைய நூலுக்கு மூன்று ஆண்டுகள் முன்பே, 1964இல், பெர்னார்ட் ரிம்லேண்ட் இந்தக் கருத்தை ஆதாரங்களோடு தகர்த்திருந்தார். அவர் அமெரிக்கக் கடற்படையில் பணிபுரிந்த உளவியலாளர், ஆட்டிசம் உள்ள மகனின் தந்தை. பெற்றோரின் குளிர்ச்சியைப் பற்றி ஒரு காலத்தில் தானும் எழுதியிருந்த கேனர், 1969இல் பெற்றோர் கூட்டமொன்றில் நின்று உங்களை நான் குற்றத்திலிருந்து விடுவிக்கிறேன் என்று அறிவித்தார். அவர்கள் எழுந்து நின்று கைதட்டியிருக்கிறார்கள். அங்கே அறுபதுகளில் முடிந்த வழக்கை இங்கே கைபேசியைச் சாட்சியாக வைத்து மறுபடி நடத்திக்கொண்டிருக்கிறோம்.

இதில் காலம் வீணாவதுதான் எனக்குத் தாளாத விஷயம். ஒன்றரை வயதிலும் இரண்டு வயதிலும் எல்லாக் குழந்தைகளையும் ஆட்டிசத்துக்காகச் சோதிக்கச் சொல்கிறது அமெரிக்கக் குழந்தை மருத்துவச் சங்கம். அதற்கான எம்-சாட் வினாத்தாளில் 20 கேள்விகள். நீங்கள் சிரித்தால் பிள்ளை திரும்பச் சிரிக்கிறதா, வானத்தில் விமானத்தை விரலால் காட்டுகிறதா, நீங்கள் திரும்பிப் பார்த்தால் அதுவும் அங்கே பார்க்கிறதா என்ற வகைக் கேள்விகள். பெற்றோரே பத்து நிமிடத்தில் பதில் சொல்லிவிடலாம். கைபேசி பற்றி அதில் ஒரு கேள்வியும் இல்லை. சந்தேகம் வந்தால் போய்க் காட்ட, 2013இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின் கீழ் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையங்கள் அரசு மருத்துவமனைகளில் இலவசமாக இயங்குகின்றன. முட்டுக்காட்டில் பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. “ஆம்பளப் புள்ள லேட்டாத்தான் பேசும்” என்று ஒரு வருடம் போனது முந்தைய தலைமுறையில். இப்போது “போனை நிறுத்திப் பார்ப்போம்” என்று ஒரு வருடம் போகிறது. போனை நிறுத்துங்கள், வேண்டாம் என்று யார் சொன்னது? அதே வாரத்தில் பிள்ளையையும் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

நல்லெண்ணத்தோடு சிலர் கடைசியாக ஒன்று சொல்வார்கள்: “உண்மையோ பொய்யோ, பயத்துலயாவது பிள்ளைங்க கையில போன் கொடுக்காம இருப்பாங்க இல்ல?” பேச்சு வராத ஆட்டிசப் பிள்ளைகளை இவர்கள் நினைத்துப் பார்ப்பதே இல்லை. வாய்ப்பேச்சு கடைசிவரை வராதவர்கள் அவர்களில் பலர் உண்டு. டேப்லெட் திரையில் படத்தைத் தொட்டால் அது சொல்லாக ஒலிக்கும் செயலிகள் அவர்களுக்காகவே உருவாயின. அவற்றுள் உலகெங்கும் பயன்படும் ஒன்றான ‘ஆவாஸ்’ சென்னையில் பிறந்தது. அஜித் நாராயணன், மாற்றுத்திறனாளிகளுக்கான வித்யாசாகர் அமைப்பின் குழந்தைகளோடும் ஆசிரியர்களோடும் சேர்ந்து உருவாக்கியது. தண்ணீர்ப் படத்தைத் தொட்டுத் தண்ணீர் கேட்கிறது பிள்ளை. தலைவலி என்று சொல்கிறது. வேண்டாம் என்று சொல்கிறது. பேச முடியாத பிள்ளைக்கு எல்லாவற்றையும்விட முக்கியமான சொல் அந்த ‘வேண்டாம்’தான். இந்தக் கருவியை வெளியே எடுத்தால் பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் தாயைத் திட்டுகிறார், விருந்துக்குப் போன இடத்தில் உறவினர் பிடுங்கி வைக்கிறார், பள்ளியில் “இதனாலதான் இவன் இப்படி ஆனான், மறுபடி இதையே கொண்டுவர்றீங்களே” என்று திருப்பி அனுப்புகிறார்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தகவல்தொடர்பு என்பதை வரையறுக்கும்போது இப்படிப்பட்ட மாற்றுவழிகளையும் அணுகத்தக்க தகவல்தொடர்புத் தொழில்நுட்பத்தையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. அந்தக் கருவியை வாசலில் வாங்கி வைக்கும் தலைமையாசிரியர் பிள்ளையின் நன்மைக்காகச் செய்வதாகத்தான் நம்புகிறார். அவரை அப்படி நம்பவைத்தவர்கள் பதில் சொல்ல வேண்டும்.